ஃபியட் 500-ஆ, ஹில்மன் இம்ப்பா? ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் வேலை பார்க்கும் என் மச்சானுக்குப் பழைய கார் ஆசை வந்தது. ஒரு நாள் ராத்திரி இரண்டு விளம்பரங்களை அனுப்பி, "மாமா, ரெண்டுக்கும் எஞ்சின் பின்னாலதான். எதை வாங்கலாம்?" என்று கேட்டான். ஒன்று 1969-ஆம் ஆண்டு ஃபியட் 500. இன்னொன்று 1964-ஆம் ஆண்டு ஹில்மன் இம்ப். கூடவே ஒரு அட்டவணையும் போட்டிருந்தான்: சிசி, குதிரைத்திறன், வேகம், எத்தனை பேர் உட்காரலாம், விலை. விலையைத் தவிர எல்லா வரியிலும் இம்ப் முன்னால் நின்றது. விலையில் குறைவாக நின்றதும் இம்ப்தான். "அப்ப இம்ப்தானே?" என்றான்.

அந்த அட்டவணையில் ஒரு எண்கூடத் தப்பில்லை. ஆனால் அதை வைத்து முடிவு எடுத்திருந்தால் தப்பாகத்தான் போயிருக்கும். இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் யாரும் திரும்பத் திரும்ப விழும் குழிகள் சில உண்டு. அவனோடு சேர்ந்து நானும் சிலவற்றில் விழுந்தேன்.

எதற்குப் பதிலாக வந்த வண்டி?

ஃபியட் 500 பிறந்தது 1957 ஜூலையில், டூரினில். வடிவமைத்தவர் தாந்தே ஜாகோசா. அதற்கு இரண்டு வருடம் முன்பே அவருடைய ஃபியட் 600 வந்துவிட்டது. நாலு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், குடும்பக் கார். அதை வாங்க முடியாமல் வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிப் போன இத்தாலியர்களுக்காக வந்ததுதான் 500. முதல் எஞ்சின் 479 சிசி, இரட்டைச் சிலிண்டர், 13 குதிரைத்திறன். பின்னால் முறையான சீட்கூடக் கிடையாது. ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு இதுவே மாளிகை என்று கம்பெனி நினைத்தது; அவன் அப்படி நினைக்கவில்லை. விற்பனை மந்தமானதும் அதே வருடம் சக்தியை 15-ஆக ஏற்றி, சீட்டையும் சரிசெய்தார்கள்.

இம்ப் கதை வேறு. ஹில்மன் கார்களைச் செய்த ரூட்ஸ் குழுமத்தில் மைக்கேல் பார்க்ஸ், டிம் ஃப்ரை என்ற இரண்டு இளம் பொறியாளர்கள் முதலில் செய்து காட்டியது ஏறக்குறைய 500 மாதிரியான ஒன்றைத்தான்: பின்னால் காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், குமிழி போன்ற உடம்பு. முதலாளிகளான ரூட்ஸ் சகோதரர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. "சரியான கார் செய்யுங்கள்" என்ற போக்கில் திருப்பி அனுப்பப்பட்டு, உருமாறி, 1963 மே மாதம் இம்ப் வெளியே வந்தபோது எதிரே நின்றது ஸ்கூட்டர் இல்லை. 1959-லேயே வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த மினி. எம்1 மோட்டார்வேயும் திறந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் மணிக்கணக்காகப் போகவேண்டிய கட்டாயம் இம்புக்கு இருந்தது. 500-க்கு அது கனவிலும் கிடையாது.

ஆக 500 கிலோ சுமாருக்கு இருக்கும், மூன்று மீட்டர்கூட நீளமில்லாத, 18 குதிரைத்திறன் வண்டியையும், 700 கிலோவும் மூன்றரை மீட்டரும் கொண்ட, கிட்டத்தட்ட 40 குதிரைத்திறன் வண்டியையும் ஒரே அட்டவணையில் போட்டால் பெரியது ஜெயிக்கத்தான் செய்யும். இம்புக்கு நேர் எதிராளி வேண்டுமென்றால் ஃபியட் 850-ஐப் பாருங்கள். 500-ஐயும் இம்பையும் எண்ணால் மோதவிடாமல், உங்கள் தெருவையும் நீங்கள் போகும் தூரத்தையும் வைத்து மோதவிடுங்கள். மச்சான் தினம் போவது எட்டு கிலோமீட்டர். மாதம் ஒரு முறை லண்டனுக்கு 150 கிலோமீட்டர். அந்த லண்டன் பயணம் இந்த வண்டியிலா, வீட்டில் ஏற்கெனவே நிற்கும் டொயோட்டாவிலா என்று கேட்டேன். அட்டவணையில் அந்த வரி இல்லை.

பெயரை மட்டும் பார்ப்பது

"ஃபியட் 500" என்பது ஒரு வண்டியின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். இணையத்தில் தேடினால் 2007-க்குப் பின் வந்த புதிய 500-ம் சேர்ந்து வரும். அதற்கு எஞ்சின் முன்னால், அதை விட்டுவிடலாம். பழையதிலேயே என், டி, எஃப், எல், ஆர் என்று வரிசை உண்டு. 1960-இல் வந்த டி-யில்தான் எஞ்சின் 499.5 சிசி ஆனது. 1965-இல் எஃப் வரும்வரை கதவுகள் பின்பக்கம் கீல் வைத்தவை, எஃப்-இல்தான் அது மாறியது; ஓடும்போது தாழ்ப்பாள் நழுவினால் காற்றே கதவைப் பிய்த்துத் திறக்கும். படத்தில் அழகாகத்தான் இருக்கும், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு தடவை யோசியுங்கள். 1968-இல் வந்த எல் கொஞ்சம் சொகுசு: பம்பரில் கூடுதல் வளைகம்பி, அப்புறம் ஒரு பெட்ரோல் மீட்டர். சிரிக்காதீர்கள். மற்ற 500-களில் பெட்ரோல் தீரப்போகும்போது ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். 1972-இல் வந்த ஆர்-க்கு 594 சிசி. பெரிய எஞ்சின் என்பதால் பறக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. வேண்டுமென்றே சக்தியைக் குறைத்து வைத்ததால் அதுவும் 18 குதிரைத்திறன்தான். ஜார்டினியேரா என்ற நீண்ட உடம்புக்காரிக்கு அதே எஞ்சினைப் படுக்கவைத்து மேலே சாமான் வைக்க இடம் செய்தார்கள். ஆஸ்திரியாவின் ஸ்டைர் புக் 500-ஐத் தூரத்தில் பார்த்தால் ஃபியட்டேதான், பின் மூடியைத் திறந்தால் முற்றிலும் வேறு எஞ்சின்.

இம்ப் பக்கம் இந்தக் குழப்பம் தலைகீழ். வண்டி ஒன்று, பெயர் பல. சிங்கர் சமாய், சன்பீம் ஸ்டிலெட்டோ, ஹில்மன் ஹஸ்கி, காமர் வேன் எல்லாம் இம்ப்தான். ஹில்மன் என்று மட்டும் தேடுகிறவர்கள், நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரு சிங்கர் பக்கத்துத் தெருவில் நிற்பதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். 51 குதிரைத்திறன் கொண்ட ஸ்போர்ட் எஞ்சின் 1966-இல் வந்தது, இரட்டைக் கார்புரேட்டர். அதை ஓட்டிப் பார்த்தவர் எழுதியதைப் படித்துவிட்டுச் சாதாரண இம்பை வாங்கினால், மேடு ஏறும்போது விஷயம் புரியும்.

இம்பின் கெட்ட பெயர்

இது என் பலவீனம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். "இம்பா? நடுரோட்டில் நிற்குமே" என்று இங்கிலாந்தில் எந்தப் பெரியவரும் சொல்வார். அது பொய் இல்லை. ஆனால் எந்த வருடத்து இம்ப் என்று கேட்பதில்லை.

இம்ப் எஞ்சினின் பூர்வீகம் ஒரு தீயணைப்புப் பம்பு. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற கம்பெனி, இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பம்புக்காக ஒரு லேசான அலுமினிய எஞ்சினைச் செய்தது. அது பந்தயக் காருக்குப் போய், அங்கிருந்து சுருங்கி 875 சிசி ஆகி, 45 டிகிரி சாய்ந்து இம்பின் பின்பக்கம் வந்து உட்கார்ந்தது. மேலே கேம் ஷாஃப்ட், முழுக்க அலுமினியம். 1963-இல் ஒரு மலிவுக் காருக்கு அது அதிகப்படியான பெருந்தன்மை. ஆனால் அதைக் கட்டிய இடம் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் லின்வுட். கப்பல் கட்டும் தொழில் நலிந்த ஊர்களுக்கு வேலை தரவேண்டும் என்ற அரசின் நெருக்கடியில் உருவான புத்தம்புது தொழிற்சாலை. எஞ்சினை அங்கே வார்த்து, கடைசல் வேலைக்காக 480 கிலோமீட்டர் தெற்கே கோவென்ட்ரி பக்கத்து ரைட்டனுக்கு அனுப்பி, மறுபடி லின்வுட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து காரில் ஏற்றினார்கள். செய்த கார்களை விற்க மறுபடி தெற்கே!

அவசரமும் சேர்ந்துகொண்டது. ஆரம்பகால இம்பில் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. மிதித்தால் ஒரு குழாயில் காற்று அழுந்தி, அந்த அழுத்தம் பின்னால் கார்புரேட்டரைத் திறக்கும். குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் மிதிக்கு மதிப்பில்லை. சோக் தானாக வேலை செய்யும் என்றார்கள். தானாக மக்கர் செய்தது. தண்ணீர்ப் பம்பும் தொல்லை கொடுத்தது. 1965 வாக்கில் இவற்றை மாற்றிக் கேபிளும் கையால் இழுக்கும் சோக்கும் வந்துவிட்டன. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். 1976-இல் தயாரிப்பை நிறுத்தும்வரை மொத்தம் சுமார் 4,40,000 வண்டிகள். அந்த எண்ணிக்கையைத்தான் மினி ஓரிரு வருடத்தில் தொட்டுவிடும்.

அதே வண்டியில்தான் ரோஸ்மேரி ஸ்மித் 1965 டியூலிப் ராலியை ஒட்டுமொத்தமாக ஜெயித்தார். பில் மெக்கவர்ன் 1970, 71, 72 என்று மூன்று வருடம் தொடர்ந்து பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை வாங்கினார். எஞ்சின் மட்டமானது என்று சொல்லும் வாய்க்கு இது போதும். மச்சான் அனுப்பியது 1964 வண்டி என்பதால், காற்றுக் குழாய் இன்னும் இருக்கிறதா, யாராவது கேபிளுக்கு மாற்றிவிட்டார்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

"காற்றால் குளிர்வது, கவலையே இல்லை"

500-க்கு ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஆகவே சூட்டுப் பிரச்சினையும் இல்லை என்பது பெரிய மூடநம்பிக்கை. அதன் காற்றாடி டைனமோவின் அச்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சுற்றுவது ஒரே ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் விளக்கு எரியும். வேறு காரில் அந்த விளக்கைப் பார்த்தால் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டுவோம். 500-இல் அதன் பொருள், குளிர்காற்றும் நின்றுவிட்டது என்பது. ஓரம் கட்டி அணைத்தே ஆகவேண்டும். அப்புறம் எண்ணெய்: இரண்டரை லிட்டர் சுமாருக்குத்தான் பிடிக்கும், அதிலேதான் சூட்டின் ஒரு பங்கும் இறங்குகிறது. காகித வடிகட்டி கிடையாது. சுழற்சியால் அழுக்கை ஒதுக்கும் ஏற்பாடுதான். எண்ணெயை அடிக்கடி மாற்றாத 500-க்கு ஆயுசு கம்மி.

இம்பில் சூடு நிஜமாகவே எஞ்சினைக் கொல்லும். ரேடியேட்டரும் பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே. முன்னால் முட்டி மோதி வரும் எதிர்க்காற்று அதற்குக் கிடைப்பதில்லை. ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாய் பின்னாலிருந்து முன்வரை நீள்கிறது. தண்ணீர் மாற்றியபின் காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டால் ஒரு மூலை மட்டும் கொதிக்கும். ஒரே ஒரு முறை நன்றாகக் கொதித்தால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். இன்னொன்று: வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் அலுமினியம் உள்ளேயே அரித்துவிடும். வெயில் காலமானாலும் கூலன்ட் கலந்தே ஆகவேண்டும்.

நாங்கள் பார்க்கப் போன அந்த இம்பை, நாங்கள் வருவதற்குள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தார்கள். நல்ல மனசு என்று நினைத்தோம். அரை மணி கழித்து அணைத்து, மூடியைக் கவனமாகத் திறந்தால் தண்ணீரின் மேல் பால் ஏடு மாதிரி ஒரு படலம். எண்ணெய் கலந்திருந்தது. விற்பவர் "அதெல்லாம் சாதாரணம்" என்றார். சாதாரணம் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தான், நான் காரைப் பார்த்தேன், டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

ஓட்டிப் பார்க்காமலே தீர்ப்பு

500-இன் கியர்பாக்ஸில் சிங்க்ரோ இல்லை, அதாவது கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் ஏற்பாடு கிடையாது. காகிதத்தில் அது ஒரு வரி. கையில் அது வேறு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டுமா? கிளட்சை மிதி, நியூட்ரலுக்குத் தள்ளு, கிளட்சை விடு, ஆக்ஸிலரேட்டரை ஒரு உறுமல் கொடு, மறுபடி கிளட்ச், இப்போது இரண்டு. கால் அழகாக ஆடினால் கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். ஆடாவிட்டால் அரிசி ஆலை சத்தம். நம் ஊரில் பழைய லாரி ஓட்டியவர்களுக்கு 'டபுள் கிளட்ச்' என்றால் புரியும். மச்சான் முதல் ரவுண்டானாவில் வியர்த்துவிட்டான், நாலாவதில் சிரித்துக்கொண்டிருந்தான். ஸ்டார்ட் செய்வதும் சாவியால் இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இருக்கும் குட்டி நெம்புகோலை இழுக்கவேண்டும். பக்கத்தில் இருப்பது சோக். பழகாதவர்கள் மாற்றி இழுத்துவிட்டு வண்டி கெட்டுவிட்டது என்பார்கள். இம்பில் நாலு கியருக்கும் சிங்க்ரோ. அந்தக் காலத்துச் சின்னக் கார்களிலேயே இதமான கியர் என்று சொல்வேன். இரண்டையும் கியர்பாக்ஸை வைத்து மட்டும் ஒப்பிட்டால் போட்டியே இல்லை.

அடுத்தது, "பின்னால் எஞ்சின் என்றால் வளைவில் சுழற்றி எறியும்" என்ற பயம். இது பெரும்பாலும் ஆரம்பகால செவர்லே கோர்வைரும் பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலும் விட்டுச்சென்ற பெயர். அவற்றில் பின்சக்கர அச்சு ஊஞ்சல் மாதிரி ஆடும் அமைப்பு. வேகமாக வளைந்தால் சக்கரம் உள்ளே மடங்கும். 500-இலும் இம்பிலும் பின்பக்கம் அந்த அமைப்பு இல்லை, சக்கரத்தை ஓரளவு நேராகவே பிடிக்கும் சாய்ந்த கைகள். இம்பில் ஊஞ்சல் அச்சை முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள், வேண்டுமென்றே. ஆனாலும் எடையில் பாதிக்குமேல் பின்னால்தான். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வர முயலும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போனபின் மெல்ல மிதித்துக்கொண்டே போகவேண்டும்.

இதில் மிக மலிவான, மிக ஆபத்தான தவறு டயர் காற்று. நாலு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிட்டு "இம்ப் ரோட்டில் நிற்கவில்லை" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இம்பில் முன்னால் 20 பவுண்டுக்கும் கீழே, பின்னால் 30 அளவில் இருக்கவேண்டும். 500-இலும் முன்னால் குறைவு, பின்னால் அதிகம். முன் டயர் சற்றுத் தளர்வாக இருந்தால்தான் முன்பக்கம் முதலில் நழுவி, ஓட்டுபவரை எச்சரிக்கும். டாடா நானோ வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அதிலும் எஞ்சின் பின்னால் என்பதால் முன் டயர் 135 அகலம், பின் டயர் 155 என்று வேறு வேறாகவே கொடுத்தார்கள்.

இட வசதியில் இம்ப் ஜெயிக்கிறது, சந்தேகமில்லை. பின் கண்ணாடியைத் தூக்கலாம், பின் சீட்டை மடக்கினால் எஞ்சினுக்கு மேலே ஒரு மேடை கிடைக்கும். ஆனால் அந்த மேடை சூடாக இருக்கும். மச்சான் கற்பனையில் ஏற்றிய தோசை மாவு வீடு போய்ச் சேருவதற்குள் பொங்கிவிடும்.

உதிரிப் பாகம், துரு, சட்டம் பற்றிச் சுருக்கமாக. 500-க்கு ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது, தகரம் உட்பட. அதனாலேயே விலை ஏறிவிட்டது, அதனாலேயே தரையில் புதுத் தகரத்தைத் துருவின் மேலேயே ஒட்டிப் பளபளவென்று விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். காந்தம் கொண்டு போங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. இம்புக்கு எஞ்சின் சாமான்கள் கிடைக்கும், உடம்புத் தகரம்தான் அலைய வைக்கும். ஆக இம்பில் எஞ்சின் போயிருந்தாலும் உடம்பு கெட்டியானதையே எடுங்கள். பின் அச்சில் இருக்கும் ரப்பர் இணைப்புகள் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு வருடாந்திர எம்ஓடி சோதனை 2018 முதல் கட்டாயமில்லை. அதைச் சாக்காக வைத்துப் பிரேக் டிரம்மைத் திறந்தே பார்க்காத வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. காசு கொடுத்துச் சோதித்துவிடுங்கள். 2021 முதல் அங்கே சாதாரண பெட்ரோல் என்றால் இ10. பழைய ரப்பர் குழாயை எத்தனால் அரிக்கும். நாம் இங்கே இ20 பற்றிப் புலம்புகிற அதே புலம்பல்தான்.

ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால், வண்டியைத் தொடாமல் ஜில்லென்று வைத்திருக்கும்படி முந்தின நாளே சொல்லிவிடுங்கள். 500-ஐ முதலில் ஓட்டுங்கள்; இம்பில் ஏறிவிட்டு வந்தால் அது பாவம், நகராத மாதிரி இருக்கும். 500-இன் ஹீட்டரைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: எஞ்சினைக் குளிரவைத்த காற்றுதான் உள்ளே வருகிறது, எங்காவது எண்ணெய் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும். இம்பை அரை மணி நன்றாக ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் சும்மா நிறுத்தி வையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து, நகராமல் நின்றபடியே வெப்ப முள்ளைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் பேரம் பேசவேண்டிய அவசியம் இல்லை.